தொழில் மாறும் கோயில்: ஒரு விளையாட்டு விதியும் வன்னியின் கதையும்

ரொறன்ரோவில் வாழும் வாசகர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். முத்தையன்கட்டைச் சேர்ந்தவர். அவரது பதின்மூன்று வயது மகன் 'ட்ராகன் குவெஸ்ட்' என்னும் ஜப்பானிய விளையாட்டின் மூன்றாம் பாகத்தை, அதாவது 2024ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மறுபதிப்பை, ஆடிக்கொண்டிருக்கிறானாம். வாரக்கணக்கில் வளர்த்தெடுத்த போர்வீரனை ஒரே இரவில் மந்திரவாதியாக மாற்றிவிட்டு, 'அப்பா, என்ரை ஆள் திரும்பவும் லெவல் ஒண்டுக்குப் போயிட்டான்' என்று அழாக்குறையாகச் சொன்னானாம். 'எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடப்பதும் இதுதானே ஐயா, இதைப்பற்றி நீங்கள் எழுதக்கூடாதா?' என்று முடித்திருந்தார்.

எழுதலாம் என்றே எனக்கும் தோன்றியது. வன்னிப் பெருநிலப்பரப்பின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாற்றை இந்த ஒற்றை விதியைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம்.

இவ்வகை விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்காக முதலிற் சில விளக்கங்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கி வெளியிட்டனர். அதற்குக் கணினி தேவைப்படவில்லை. தாள், பென்சில், தாயக்கட்டை, மேசையைச் சுற்றி நாலைந்து பேர், அவ்வளவே. ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரம் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகுப்புகளுள் ஒன்றைச் சேர்ந்ததாயிருக்கும். வகுப்புக்கேற்ற திறன்கள் உண்டு. அனுபவம் சேரச் சேரப் பாத்திரத்தின் படிநிலை உயரும். இன்று கணினியில் ஆடப்படும் இவ்வகை விளையாட்டுகள் யாவும் ஏதோவொரு வகையில் அந்த மேசையின் பிள்ளைகள்தாம்.

அந்த முதற் புத்தகத்திலேயே வகுப்பு மாறுதல் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. மாறுவது விரும்பத்தக்கதன்று என்று தொடங்கி, மாறியே ஆகவேண்டுமெனில் புதிய வகுப்புக்குரிய முதன்மையான குணத்தில் 16 புள்ளிகளாவது இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். மூன்று தாயக்கட்டைகளை உருட்டிப் பெறும் புள்ளி அது. 18க்கு மேற் போகாது. மூன்று கட்டை சேர்ந்து 16 விழுவது எவ்வளவு அரிது என்பதைத் தாயம் ஆடியவர்கள் அறிவர். கதவு இருந்தது, ஆனால் எல்லாருக்கும் திறக்கவில்லை.

1978இல் வந்த விரிவான விதிநூல் இன்னும் கடுமையானது. அதன்படி மனிதப் பாத்திரம் பழைய தொழிலைக் கைவிட்டுப் புதியதை அடிப்படையிலிருந்து தொடங்கவேண்டும். புதிய தொழிலின் படிநிலை பழையதன் படிநிலையைத் தாண்டும்வரை பழைய திறனைப் பயன்படுத்தக்கூடாது. போர்வீரனாயிருந்து மந்திரவாதியானவன் ஆபத்தில் அவசரப்பட்டு வாளை எடுத்து வீசினால், அந்தப் பயணத்தில் அவன் சேர்த்த அனுபவம் அவன் கணக்கிற் சேராது. தாண்டிய பிறகோ இரண்டும் அவனுடையவை. மனிதரல்லாத சில இனத்தாருக்கு வேறு சட்டம். அவர்கள் தொடக்கத்திலிருந்தே இரண்டு மூன்று தொழில்களை ஒருங்கே நடத்தலாம். வளர்ச்சி மாத்திரம் மெதுவாயிருக்கும்.

கணினிக்கு இவ்விதியைக் கொண்டுசென்ற முன்னோடிகளுள் ஒன்று 1981இல் வந்த 'விசர்ட்ரி'. அதில் தொழில் மாறுபவன் முதலாம் படிக்கு இறங்குவதோடு, அவனது வயதும் சில ஆண்டுகள் கூடிவிடும். எனக்குப் பிடித்த விதி அது. தொழில் மாறுவதற்கு மனிதன் கொடுக்கும் மிகப் பெரிய விலை அவனது ஆயுள் என்பதைக் கணினி நிரலாளர் இருவர் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

1988இல் ஜப்பானில் யூஜி ஹோரீ வடிவமைத்த 'ட்ராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகம் வெளிவந்தது. அதில் தொழில் மாறுவதற்கென்றே ஒரு கோயில் உண்டு. ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'டாமா'. நமது தருமம் என்ற சொல்லை நினைவூட்டுவது. இருபதாம் படியை எட்டியவர்கள் அங்கே சென்று வேண்டலாம். வேண்டியவர் முதலாம் படிக்கு இறங்குவார். உடல் வலிமை முதலிய குணங்கள் பாதியாகும். ஆனால் கற்ற மந்திரங்கள் மறவாமல் நிற்கும். கதாநாயகனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவன் கடைசிவரை அவனேதான். இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாத் தொழிலிலும் மேலான 'ஞானி' ஆவதற்கு மற்றவர்களுக்கு அரிய நூலொன்று வேண்டும். சண்டைக்கு நடுவே பகிடி பண்ணிக்கொண்டு நிற்கும் கோமாளிக்கு மட்டும் அந்த நூல் வேண்டியதில்லை.

இந்த மாற்றத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர் மாயச் சொல் எதுவுமன்று. 'தென்ஷொகு' என்றார்கள். ஜப்பானில் ஒருவர் ஒரு கம்பனியை விட்டு இன்னொரு கம்பனிக்கு வேலை மாறிப் போவதற்கும் அதே சொல்தான். ஆகவே விளையாட்டின் விதியைக் கொண்டு மனிதரின் தொழில் மாற்றத்தைப் பேசுவது வலிந்து செய்யும் உவமையன்று.

இனி வன்னிக்கு வருவோம்.

பழைய வன்னிக் கிராமங்களில் 'வகுப்பு' என்ற ஒன்று விளையாட்டின் பொருளில் இருக்கவில்லை என்றே சொல்லலாம். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் பகுதிகளில் ஒரே மனிதர் வயல் செய்தார், மாடு வளர்த்தார், காட்டில் தேன் எடுத்தார், வேட்டையாடினார், குளக்கட்டு உடைந்தால் மண்வெட்டியோடு ஓடினார். ஊர்க் கோயிலில் மடை பரவி, இரவில் கோவலன் கூத்தில் வேடமும் கட்டினார். சாதிப் பிரிவு இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் ஒருவர் ஒரு தொழிலை மட்டும் செய்து வாழ்வது அந்தக் காட்டில் இயலாத காரியம். மழை பொய்த்தால் மாடு. மாடு செத்தால் காடு. நாள் முழுதும் மேசையில் எழுதிச் சம்பளம் வாங்கிய யாழ்ப்பாணத்தார் இவர்களைக் 'காட்டார்' என்று எள்ளிய காலத்தில், அந்தக் காட்டார் ஒரே ஆளாக நாலைந்து தொழில்களில் உயர்ந்த படியில் நின்றார்கள்.

மாற்றத்தின் கோயிலுக்கு அத்திவாரம் இரணைமடுவில் இடப்பட்டது. 1902இல் தொடங்கிய அக்குளத்தின் வேலை முடியச் சுமார் இருபதாண்டுகள் சென்றன. இதற்கிடையே 1905இல் வடக்குப் புகையிரதப் பாதையும் முழுமை பெற்றது. நீரும் வண்டியும் வந்தபின் ஆட்கள் வரவேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அதற்கு வழி செய்தது. விவசாய அமைச்சராயிருந்த டி. எஸ். சேனநாயக்காவின் சட்டம் அது. மறுவருடம், 1936இல், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கவெனக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. இன்று நாம் கிளிநொச்சி நகர் என அழைப்பது அப்படிப் பிறந்ததே.

அந்தச் சட்டத்தை 1978ஆம் ஆண்டின் விளையாட்டு விதிநூலோடு பக்கத்திற் பக்கமாக வைத்துப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. 'பேர்மிட்' என்று சனங்கள் சொல்லும் உத்தரவுப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருந்தன. காணியை விற்க முடியாது. ஈடு வைக்க முடியாது. அனுமதியின்றித் துண்டாக்க முடியாது. பின்னுரித்தாளியைப் பெயரிட்டுப் பதியவேண்டும். காணியைத் திருத்திப் பயிர் செய்யவேண்டும். செய்யாமல் விட்டுப் பழைய இலிகிதர் வேலைக்கோ கடைக்கோ திரும்பியவரின் உத்தரவுப்பத்திரம் ரத்தாகலாம். பழைய வாளை எடுத்தால் அனுபவம் கழியும் என்ற அதே விதி, கைகாக்ஸ் பிறப்பதற்கு முன்பே இலங்கையின் சட்டப் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

தப்பும் வழியையும் நம்மவர் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கால், கிளிநொச்சியில் ஒரு கால். விதைப்புக்கு ஒரு புகையிரதம், அறுவடைக்கு ஒரு புகையிரதம். நடுவில் காவலுக்கு ஒரு கூலியாள். விளையாட்டில் இரண்டு தொழிலை ஒருங்கே நடத்தும் அந்த இனத்தாரைப் போல. அவர்களுடைய வளர்ச்சி மெதுவாகவே இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை அப்படியன்று. அவர்களுட் பலர் நன்றாகவே வளர்ந்தார்கள். மெதுவாக வளர்ந்தவன் காவலுக்கு நின்ற கூலியாள்.

நிலைத்து நின்றவர்கள் கொடுத்த விலை மலேரியா. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவும்வரை வன்னிக்குப் போவது என்றால் காய்ச்சலுக்குப் போவது என்றே பொருள். குணங்கள் பாதியாகும் என்று ஹோரீ எழுதிய விதியைக் குயினைன் குளிசையோடு அனுபவித்தவர்கள் அந்த முதற் குடியேற்றவாசிகள்.

அடுத்த அலை எனக்கு நேரிலே தெரிந்தது. 1950களிலும் அதனை அடுத்தும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் திருத்தப்பட்டன. 1965இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனநாயக்காவின் அரசு உணவு உற்பத்தியில் முனைப்புக் காட்டியது. அக்காலத்தில் எழுந்தவையே 'படித்த வாலிபர் திட்டங்கள்'. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காட்டை வெட்டி, எஸ்.எஸ்.சி. படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருந்த இளைஞருக்குக் காணி கொடுத்தார்கள். தென்மராட்சியில் மிருசுவிலில் படித்த மகளிருக்கென்றே ஒரு திட்டம் இருந்தது. அவ்விடத்துக்கு அப்பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

'படித்த வாலிபர்' என்ற அந்தப் பெயரிலேயே ஒரு சமூகத்தின் பதற்றம் தெரிகிறது. படித்தவன் மண்வெட்டி எடுப்பது யாழ்ப்பாணத்தில் இறக்கம். எனவே பெயரிலாவது படிப்பை ஒட்டிவைத்தார்கள். உத்தியோகம் கிடைக்காத பையனைப் பார்த்து 'இனி உனக்கு வன்னிதான்' என்று திட்டிய பெற்றோரை என் தலைமுறையினர் அறிவர். உதவாக்கரை என்று ஒதுக்கப்பட்டவன்தான் முதலில் லொறி ஏறினான்.

முத்தையன்கட்டில் அப்படி ஏறி வந்த ஒருவரைப் பல ஆண்டுகளின் பின் நான் சந்தித்தேன். அவருடைய வீட்டு அலுமாரியில் முழுத்தாள் அளவில் தடித்த கணக்குப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை அந்தர் உரம், எத்தனை கலன் மண்ணெண்ணெய், எந்த நாளில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், மிளகாய்க்கு எந்தக் கிழமை முரடுநோய் விழுந்தது, கொழும்புச் சந்தையில் அன்று என்ன விலை என்று எல்லாம் பதிந்திருந்தார். 'முதல் மூன்று வருடம் கையில் கொப்புளம். நாலாம் வருடந்தான் இந்தப் புத்தகம் எனக்கு உதவத் தொடங்கியது' என்றார். இலிகிதராக வேண்டும் என்று படித்த படிப்பு வீணாகவில்லை. மண்வெட்டியில் ஒரு படிக்கு மேல் ஏறும்வரை அது காத்திருந்தது. புதிய தொழில் பழையதைத் தாண்டியபின் இரண்டும் உனக்குரியவை என்ற விதியை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை. கற்ற மந்திரம் மறவாது.

அவருக்குக் காலமும் கைகொடுத்தது. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாடு முழுவதும் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிளகாய்த் தோட்டக்காரர் கல்வீடு கட்டினர். நீர் இறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் வாங்கினர். உத்தியோக மாப்பிள்ளைக்கு நிகராகத் தோட்டக்கார மாப்பிள்ளைக்குச் சீதனம் பேசப்பட்டதும் அந்த ஏழாண்டுகளிலேதான். அன்றைய அரசின்மீது தமிழருக்கு எத்தனையோ நியாயமான கோபங்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் அந்த ஆட்சியில் வந்தவையே. ஒரு கையால் பல்கலைக்கழகக் கதவைச் சாத்திய அரசு, மறு கையால் மிளகாய்க்கு விலை கொடுத்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தன.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா வென்று பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். இறக்குமதி மிளகாய் வந்தது. விலை விழுந்தது. படித்த வாலிபர் கணக்குப் புத்தகத்தில் அந்த ஆண்டிலிருந்து சிவப்பு மை.

இதே 1970களில் வன்னிக்கு இன்னொரு கூட்டம் நடந்து வந்தது. அவர்களைப் பற்றி நமது பத்திரிகைகள் அன்று எழுதியது குறைவு. அதனால் இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; மிகுதி 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. 1977இல் கலவரம். பிரட்டுக்களம், கொழுந்துக் கூடை, லயம் என்பவற்றை விட்டு, கைக்குழந்தைகளோடு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து இறங்கினார்கள். 1983இலும் வந்தார்கள். கிளிநொச்சியைச் சுற்றியுள்ள பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் அவர்களால் எழுந்தவை.

குளிர் மலையில் தேயிலை கிள்ளிய விரல்கள் வெயிற் காட்டில் நிலக்கடலை விதைக்கக் கற்றன. உடலுழைப்பில் அவர்களுக்கு எவரும் நிகரில்லை. தொழில் மாறும் தகுதி அவர்களிடம் வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் கோயிற் கதவில் 16 புள்ளி என்று எழுதியிருந்ததே, அந்த இடத்தில் இங்கே குடியுரிமை என்று எழுதியிருந்தது. நாடற்றவருக்குப் பேர்மிட் எப்படிக் கிடைக்கும்? ஆகவே தோட்டத்திற் கூலியாயிருந்தவர் வன்னியிலும் கூலியாகவே இருந்தார். துரையின் இடத்தில் தமிழ்க் காணிக்காரர். இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்தார் தம்மைப் பற்றிப் பெருமை கொள்ள அதிகம் இல்லை. பத்தாண்டுகள் பயிர் செய்த மண்ணுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் செத்தவர்கள் பலர்.

இவர்களை விவசாயிகளாக நிலைநிறுத்த முயன்றவர்களுள் காந்தியம் இயக்கத்தாரை மறக்கலாகாது. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் நடத்தினர். அவர்களே தொழில் மாறியவர்கள்தாம். ஒருவர் வரைபலகையை விட்டார். மற்றவர் பணம் தரும் வைத்தியத்தை விட்டார். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். டேவிட் ஐயா தப்பினார். மறுவருடம் டொலர் பாம், கென்ற் பாம் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அவ்விடங்களிற் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டனர். கைதியை விவசாயியாக்கும் திட்டம் என்றார்கள். நவம்பர் இறுதியில் புலிகள் நடத்திய தாக்குதலில் அங்கிருந்தவர்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, பெருந்தொகையிற் கொல்லப்பட்டனர்.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கு வன்னியில் ஒரு வகுப்பே மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. பாடசாலைச் சீருடையிலிருந்து வரிச்சீருடைக்கு மாறியோர் எத்தனை பேர்! விரும்பிச் சென்றோர் உண்டு. வீட்டுக்கொருவர் என்று இறுதி ஆண்டுகளில் இழுத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. பிள்ளையை ஒளித்துவைக்கப் பதுங்குகுழி வெட்டிய தாய்மாரும் உண்டு. மூன்றையும் ஒரே சொல்லால் எழுதுவது வரலாறாகாது.

2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முல்லைத்தீவுக் கரையில் எல்லாம் முடிந்தது. சுமார் மூன்று லட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இருந்து போராளிகள் எனப் பிரிக்கப்பட்ட ஏறக்குறைய 12,000 பேர் 'புனர்வாழ்வு' நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். வவுனியா பூந்தோட்டம் அவற்றுள் ஒன்று. தச்சு, மேசன் வேலை, மின்னிணைப்பு, தையல், கணினி என்று பயிற்சிகள். ஓராண்டு, ஈராண்டு கழித்துச் சான்றிதழோடு வெளியே விட்டார்கள். போர்வீரன் உள்ளே போகிறான். தச்சன் வெளியே வருகிறான். ஹோரீயின் கோயிலுக்கு இத்தனை நெருக்கமான ஓர் இடம் உலகில் வேறெங்கும் இருந்ததா என்று நான் ஐயுறுகிறேன்.

ஆயினும் வேறுபாடுகள் இருந்தன. விளையாட்டில் கோயிலுக்குப் போவதும் போகாததும் ஆடுபவன் விருப்பம். என்ன இழப்பாய், எது மிஞ்சும் என்று பூசகர் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறியவுடன் பழைய வகுப்பின் பெயர் திரையிலிருந்து அழிந்துவிடும். மந்திரவாதியைப் பார்த்து 'நீ முன்னர் வாள் வைத்திருந்தவன்தானே' என்று எந்தக் காவலாளியும் கேட்பதில்லை. பூந்தோட்டத்துச் சான்றிதழில் தச்சன் என்று எழுதியிருந்தது. கோப்பில் புலி என்றே இருந்தது. வீடு தேடி விசாரிக்க வந்தவர்கள் கோப்பைத்தான் படித்தார்கள். விசாரணை வரும் வீட்டுக்காரனுக்கு வேலை கொடுக்க அயலவர் தயங்கினார்கள். பெண் போராளிகளின் நிலை இன்னும் கடினம். களத்தில் அணி நடத்தியவளைச் சமூகம் தையல் மெசினுக்கு முன்னால் இருத்தியதோடு, கல்யாணச் சந்தையிலும் ஒதுக்கிவைத்தது. அந்தக் குற்றத்தை முழுதும் அரசின் தலையில் ஏற்றிவிட முடியாது.

பழைய திறன் பயன்பட்ட துறையும் ஒன்று இருந்தது. கிளாலி, முகமாலை முதலிய இடங்களில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களில் வன்னிப் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர். கணவனை இழந்தவர்கள் பலர். முன்னாட் போராளிகளும் உண்டு. முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டும் வேலை. நிலத்தைப் படிக்கத் தெரிந்த பழைய கண் அவர்களைக் காத்தது.

விசுவமடுவுக்கு மீண்டும் வருவோம். படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த அதே விசுவமடுவில், போருக்குப் பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணை நடத்தியது. முன்னாட் போராளிகள் பலர் அங்கே மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தனர். பெண்கள் பலர் அத்திணைக்களத்தின் கீழ் முன்பள்ளி ஆசிரியைகளாயினர். திணைக்களமோ அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2018 ஜூனில் பண்ணைக்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி மாற்றலாகிச் சென்றபோது, அந்த ஊழியர்கள் மாலையிட்டுத் தோளிற் சுமந்து கண்ணீரோடு வழியனுப்பினர். படம் உலகெங்கும் சுற்றியது. இலண்டனிலும் பாரிசிலும் இருந்தோர் துரோகம் என்று கொதித்தனர். கொழும்பில் சிலர் நல்லிணக்கம் பூத்துவிட்டதென்று தலையங்கம் தீட்டினர். ஒவ்வொரு மாதமும் தவறாது சம்பளம் வந்த முதல் வேலை அது என்பதையும், அவ்வேலையை வேறு எவரும் அவர்களுக்குத் தரவில்லை என்பதையும் இரு தரப்பாரும் பேசவில்லை. இராணுவத்தின் கீழ் ஒரு சமூகத்தின் பாலர் பாடசாலைகள் நடப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அக்கேள்வியைச் சம்பளம் வாங்கியவரிடம் கேட்பது நியாயமன்று.

இப்போதைய விளையாட்டுகளில் இந்த விலை எல்லாம் குறைந்துவிட்டது. 1992இல் வந்த 'ஃபைனல் பாண்டசி' ஐந்தாம் பாகத்திலேயே ஒரு தொழிலிற் கற்றதை மறுதொழிலுக்குக் கொண்டுசெல்லலாம். அதே வரிசையின் பதினான்காம் பாகத்தில் கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் வகுப்பும் மாறிவிடும். ஒவ்வொன்றிலும் ஏறிய படி அப்படியே காத்திருக்கும். பழைய வன்னிக் கிராமத்தவன் வாழ்ந்த வாழ்வு அதுதான். ரொறன்ரோ வாசகரின் தந்தை இலிகிதராகப் படித்துத் தோட்டக்காரர் ஆனவர். வாசகரோ தோட்டக்காரரின் மகனாகப் பிறந்து, ஆசிரியராகி, கனடாவில் உணவகத்திற் கோப்பை கழுவி, பின்னர் லொறி ஓட்டப் பழகியவர். தமது ஆசிரிய அனுபவத்தை அங்கே எவரும் பாதியாகக்கூடக் கணக்கெடுக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த மேசன் ஒருவர் இருக்கிறார். பூந்தோட்டத்திற் கற்ற வேலை. சுவர் நூல் பிடித்தாற்போல நிற்கும். கடந்த ஆண்டு ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் முன்னைய தொழில்களை ஆண்டு வாரியாக நிரப்பவேண்டும். 1998 முதல் 2009 வரை என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். 'வயல் வேலை எண்டு எழுதினனான் ஐயா' என்றார். அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது வயலில் இறங்கினீர்களா என்றேன். 'ஓம், வரம்புக்குள்ளை படுத்திருக்கிறன்' என்றார்.